ஜாக்கி சானுக்கு அடிபட்டா வலிக்கும்... அதான் நம்ம ஹீரோ!

2007-ல் சுட்டி டிவி வந்தபிறகு, கடலூர், சிதம்பரம் பக்கம் ஸ்கூல் விட்டதும் பிள்ளைகள் ஓடியது ஜாக்கி சான் கார்ட்டூனுக்குத்தான். சூப்பர் பவர் எல்லாம் 12 மந்திரக் கற்களில் இருக்கும். முயல் கல் வேகம். பாம்புக் கல் கையிலிருந்தால் ஆளே தெரியாது. ஆனால் ஜாக்கிக்கு அடிபட்டால் வலிக்கும். பறக்கிற ஹீரோவைவிட, ‘ஐயோ’ன்னு கையை உதறுகிறவர்தானே நம்மாளு!

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து கடலூரில் கரண்ட் போனது. டிவி இல்லை. கார்ட்டூனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கிழவரைப்போல குரலை மாத்தி, நாங்களே கதை ஓட்டினோம்.

அமெரிக்காவில் 2005-லேயே முடிந்த தொடர் அது. இங்கே அதை ஓடவைத்தது தமிழ் டப்பிங். அந்தக் குரல்காரர்களின் பெயரையும் கடைசியில் ஒரு வரி போட்டால் என்ன குறைஞ்சிடும்?