பிள்ளையின் உயிருக்கு ஈடு காணி உறுதியா?

புற்றுநோயாற் பீடிக்கப்பட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் புறப்படும் பெற்றோர் நம்மிடையே இன்று அரியரல்லர். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019ஆம் ஆண்டில் தொடங்கி, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமான விமான சேவை இப்பயணத்தின் தூரத்தைச் சுருக்கிவிட்டது. ஆயினும் துயரம் சுருங்கவில்லை. விமானச் சீட்டு வாங்கப்படுவதற்கு முன்னரே தாலிக்கொடி அடைவுக்குப் போகின்றது. தோட்டக் காணி ஈடு வைக்கப்படுகின்றது, அன்றி அறுதியாகவே எழுதப்படுகின்றது. வெங்காயம் நடவேண்டிய பருவத்தில் நிலம் தரிசாய்க் கிடக்கின்றது. மற்றப் பிள்ளைகள் உற்றார் வீட்டில் விடப்படுகின்றனர். இதனை ஒரு குடும்பத்தின் தலைவிதியென்று சொல்லி நாடு வாளாவிருத்தல் தகுமா?

கடல் கடந்து செல்லும் பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிள்ளையின் உயிர் ஊசலாடும்போது கையிலுள்ளதையெல்லாம் விற்க முன்வராத தாய் தந்தையர் உளரோ? ஆனால் இப்பயணங்கள் யாவும் ஒரே காரணத்தால் நிகழ்வனவல்ல. இங்கு இல்லாத சிகிச்சையை நாடிச் செல்வோர் ஒரு சாரார். இங்கு இருந்தும் உரிய வேளையிற் கிட்டாமையாற் செல்வோர் மற்றொரு சாரார். இங்கு இருப்பதை அறியாமலோ நம்பாமலோ செல்வோர் மூன்றாஞ் சாரார். இம்மூவரையும் ஒருங்கே வைத்து நோக்குவதனாலேயே உண்மை மறைந்துபோகின்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 19 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பேரைப் புற்றுநோய் பற்றுகின்றது. செல்வம் மிகுந்த நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்திற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றே. மருந்துகளிற் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக வழக்கிலுள்ளவை. நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிதல், தொடங்கிய சிகிச்சையை இடையிற் கைவிடுதல், மருந்து கிடையாமை என்பனவே இவ்விடைவெளிக்கான முக்கிய காரணங்கள். பிள்ளைகளின் புற்றுநோயில் 60 சதவீதத்தினரையேனும் 2030க்குள் காப்பாற்ற வேண்டுமென்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்ததும் இவற்றை மனங்கொண்டேயாம்.

முதலில் மூன்றாஞ் சாராரைப் பற்றிக் கூறுவோம். பிள்ளைகளைப் பெரும்பாலும் பற்றுவது இரத்தப் புற்றுநோய். அதன் மிகச் சாதாரணமான வகைக்கு மருந்துச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். மகரகமையில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் இதற்கான சிகிச்சை பணமின்றி அளிக்கப்படுகின்றது. வடக்கிலோ, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து திரட்டப்பட்ட பணத்தால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தென்னிலங்கை மக்களும் தமிழ் மக்களும் சேர்ந்து கட்டிய நிலையம் அது. இவற்றின் வாயிலை மிதியாமலே, அயலவர் சொற்கேட்டுக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் அலையும் வாரங்களில் நோய் காத்திருப்பதில்லை. மூன்று மாதச் செலவைக் கணக்கிட்டுப் புறப்பட்ட தந்தை, மூன்று ஆண்டுச் சிகிச்சையை அங்கே எதிர்கொள்கின்றார். பணம் தீர்ந்ததும் பிள்ளையோடு திரும்புகின்றார். பாதியில் நின்ற சிகிச்சை, தொடங்காத சிகிச்சையைப் போலவே கொடியது. விற்ற காணியும் மீளாது, பிள்ளையும் மீளாதிருக்கக்கூடும்.

ஆனால், மக்கள் நம்பவில்லையென்றால் அவநம்பிக்கைக்குக் காரணம் யாது என்று அரசாங்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டாமா? இங்குதான் இரண்டாஞ் சாராரின் வழக்கு எழுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த விலை, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதி மருந்துகளையே பெரிதும் நம்பியிருக்கும் நாட்டில் வைத்தியசாலைகளின் அலுமாரிகள் வெறுமையாயின. இலவச வைத்தியசாலையிற் படுத்திருக்கும் பிள்ளைக்கு வெளி மருந்துக் கடையில் மருந்து வாங்கிவருமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்படும் நாளில், அத்துண்டுதான் அக்குடும்பத்தை விமான நிலையத்திற்கு அனுப்பும் சீட்டாகின்றது.

மொழியையும் இங்கு மறத்தலாகாது. முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து செல்லும் தாய்க்கு மகரகமையும் ஏறக்குறைய வெளிநாடே. பிள்ளைக்கு ஏற்றப்படும் மருந்து யாது, எந்தக் குறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும், அடுத்த முறை எந்நாள் என்பவற்றைத் தன் மொழியிற் கேட்டறிய அவளுக்கு உரிமையுண்டு. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கருமமொழியாக்கியது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை நோயாளியின் கட்டிலருகே ஒலிக்காதாயின் யாருக்குப் பயன்? வேலூரிலும் சென்னையிலும் கேள்வி கேட்டால் தமிழில் விடை கிடைக்கும் என்ற எண்ணமும் நம் மக்களை அங்கே ஈர்க்கின்றது. மருந்தைத் தேடிச் செல்வதாக நாம் எண்ணும் பயணங்களிற் சில, விளங்கும் மொழியைத் தேடிச் செல்லும் பயணங்களாகும்.

எஞ்சியிருப்போர் முதற் சாரார். இவர்களுக்குக் கடல் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூளையிற் கட்டி கண்ட சில பிள்ளைகளுக்கு, வளரும் மூளையின் நலமான பகுதியைக் கூடியவரை காத்துக் கட்டியைத் தாக்கும் புரோட்டன் கதிர்ச் சிகிச்சை ஏற்றதாகலாம். அந்நிலையம் சென்னையில் 2019இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் அது இல்லை. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காகவும் பல குடும்பங்கள் போகின்றன. தமிழ்நாட்டு அரசின் மருத்துவக் காப்புறுதி அம்மாநிலத்தவருக்கே உரியது. நம்மவர் முழுச் செலவையும் தாமே சுமக்க வேண்டும். வைத்தியசாலைக் கட்டணத்தோடு விடுதி அறை வாடகையும், துணைக்குச் செல்வோரின் உணவும், வீட்டில் நின்றுபோன வருவாயும் சேர்ந்தே உண்மைச் செலவாகும். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் தந்தோமெனப் பெருமை பேசும் அரசு, தன்னால் அளிக்க முடியாத சிகிச்சையை நாடும் பிள்ளைக்கு மட்டும் கையை விரிப்பது என்ன நீதி?

வரலாறு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. 1820இல் ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் வந்து பணி தொடங்கியது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். அவருடைய பேர்த்தியாகிய ஐடா ஸ்கடரே 1900இல் வேலூரில் வைத்தியப் பணியைத் தொடங்கி, இன்று நம் மக்கள் நாடிச் செல்லும் பெருநிலையத்திற்கு வித்திட்டவர். மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அடையாற்றில் 1954இற் புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கிய முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை ஊருக்கு உதவும் நிலையமாக்கியவர். விதை முதலில் விழுந்த மண் நமது மண். விடாது நீர் வார்த்தோரிடம் அது மரமாயிற்று.

ஆகவே நாம் வேண்டுவன இவை. தெல்லிப்பழைக்குப் பிள்ளைகளின் புற்றுநோயில் தேர்ந்த வைத்தியரையும் தாதியரையும் நிலையாக நியமித்து, மருந்து முட்டின்றிக் கிடைக்கச் செய்க. எந்தப் பிள்ளை கடல் கடக்க வேண்டும், எந்தப் பிள்ளை வேண்டியதில்லை என்பதை அயலவர் நாவன்றி அரசாங்க வைத்தியர் குழு எழுத்தில் உரைக்கட்டும். அவ்வெழுத்தைப் பெற்ற பிள்ளையின் செலவைப் பொதுப்பணம் ஏற்கட்டும். அங்கு தொடங்கிய சிகிச்சையின் பிற்பகுதியை இங்கேயே தொடரத்தக்கதாக இருநாட்டு வைத்தியசாலைகளும் தம்முள் கடிதத் தொடர்பு கொள்ளட்டும். திரும்பி வரும் மாணவன் விட்ட வகுப்பில் மீண்டும் அமர வழி செய்யப்படட்டும்.

கற்றோருக்கும் கமக்காரருக்கும் கடமையுண்டு. நோயின் நிலையையும் சிகிச்சையின் காலத்தையும் வைத்தியர்கள் பெற்றோருக்கு விளங்கச் சொல்லட்டும். அவசரத்தில் அரைவிலைக்குக் காணி எழுத வருவோரை, எழுதுமுன் ஒரு சொல் கேட்டு நிறுத்தட்டும் நொத்தாரிசுமார். மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலை கண்ட மக்களுக்கு, ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகச் சிறுதொகை சேர்த்து ஒரு நிதி அமைப்பது இயலாத காரியமன்று.

பிள்ளை பிழைக்கவும் வேண்டும்; பிழைத்த பிள்ளை திரும்பி வந்து நிற்கக் காணியும் வேண்டும். ஒன்றைக் காக்க மற்றதை இழக்குமாறு ஒரு தந்தையை நிர்ப்பந்திக்கும் நாடு நல்ல நாடாகாது.