தோண்டும் முன் அளக்கணும்!



ஆரணியில் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்லாவே தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் பாவு முழுவதையும் யாரும் வெட்டுவதில்லை. அறுந்த இழையைத் தேடி அங்கே மட்டும் முடிச்சுப் போடுவார்கள். இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக்கும் இதே முறைதான் வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை மூலம் இணையம் தருவது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். இழை அறுந்தால் என்ன ஆகும்? வருமானச் சான்றுக்குப் போன அம்மாவிடம் "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள். அன்றைய தறிக் கூலி போச்சு! அதனால் இது நம்ம பிரச்சினைதான்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓ.டி.டி.ஆர். என்ற கருவி இருக்கிறது. கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது மாதிரி, இது இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம்.

கருவி இருந்தா மட்டும் போதுமா? சரியா அளக்கணும்.

முதலில் இழையின் முனையைத் துடைக்கணும். ஒளி போகும் நடுப்பகுதியின் அகலம் 9 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! அங்கே தூசு இருந்தா ஒளி வாசலிலேயே நிறைய திரும்பிடும். ராத்திரியில் லாரி விளக்கு கண்ணில் அடித்தால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாதில்லையா? கருவிக்கும் அப்படித்தான். அதனால்தான் கருவிக்கும் கேபிளுக்கும் நடுவில் நீளமான தனி இழை ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

அடுத்து, அந்த இழையின் ஒளிவிலகல் எண்ணைக் கருவியில் சரியாகக் கொடுக்கணும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தப்பினாலும் 10 கி.மீ. தூரத்தில் 100 மீட்டர் தள்ளிக் காட்டும். நல்ல ரோட்டைத் தோண்டிவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்!

இன்னொன்று. நேராக உடைந்த முனை சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நசுங்கி உடைந்தால் மிகக் குறைவாகவே வரும். பெரிய வெளிச்சம் வரலைன்னா கோளாறே இல்லைன்னு சொல்லக் கூடாது.

"அளக்க ஏது நேரம்? உடனே தோண்டுங்க" என்று சிலர் சொல்லலாம். அளக்கச் சில நிமிஷம்தான். தப்பான இடத்தில் தோண்டினால் ஒரு நாளே போய்விடும்.

நான் கேட்பது இரண்டுதான். இழை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து பதிவு செய்து வையுங்கள். அறுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். எந்த இடத்தில் கோளாறு, எப்போது சரியாகும் என்று ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். அம்மாக்கள் வீணாக அலைய மாட்டார்கள்.

முதலில் அளப்போம்! பிறகு தோண்டுவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி