ஆறே வராத நீல ஏரி

இறங்கும்போது யாருக்கும் கஷ்டம் தெரியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் கிரேட்டர் ஏரியில், தண்ணீரைத் தொட அனுமதி உள்ள ஒரே வழி கிளீட்வுட் கோவ் பாதைதான். தூரம் 1.8 கி.மீ. மட்டுமே. ஆனால் இறக்கம் 200 மீட்டருக்கும் மேல். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம்! ஏரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வாட்ச்மேன் சிகரம் போதும். ஒரு பக்கம் 1.3 கி.மீ. நடந்தால், ஏரியும் நடுவே விசார்ட் தீவும் காலடியில் தெரியும். கோடையிலும் பனி கிடக்கும், சீரமைப்புக்காகப் பாதையை மூடுவதும் உண்டு. விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்தது. உள்ளிருந்த குழம்பு வெளியேறியதும், தாங்க ஆளில்லாமல் உச்சி அப்படியே உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்ததுதான் ஏரி. ஆழம் 594 மீட்டர். ஆறு எதுவும் வந்து சேராததால் வண்டலும் இல்லை. அதனால்தான் அந்த நீலம்!

முதலில் மீனும் கிடையாது. இருந்திருந்தால்தானே? இந்த இடத்தைக் காக்கப் பல வருடம் போராடி, 1902-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்க வைத்த வில்லியம் ஸ்டீல்தான், 1888-ல் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். நல்ல எண்ணம்தான். அந்த மீன்களுக்குத் தீனியாக, 1915-ல் இறால் போன்ற கிரேஃபிஷ்ஷையும் விட்டார்கள்.

அங்கேதான் வினை. மசாமா நியூட் என்று ஒரு பிராணி. பார்த்தால் பல்லி, பிறப்பால் தவளைக்குச் சொந்தம். உலகத்தில் இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லை. கிரேஃபிஷ் அதையும் தின்கிறது, அதன் இரையையும் தின்கிறது. கரையோரம் பெரும்பகுதி இப்போது கிரேஃபிஷ் வசம். நியூட்டைக் காண்பதே அரிதாகிவிட்டது. கிரேஃபிஷ் பெருகிய இடங்களில் பாசியும் கூடுகிறது என்பது அடுத்த கவலை.

மீன் விடுவதை 1941-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல், எத்தனை மீன் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் ஒரு கண்டிப்பு: தூண்டிலில் செயற்கை இரைதான் மாட்ட வேண்டும். புழுவுக்கு அனுமதி இல்லை.