சந்தன விதையை எழுப்பக் கற்றுக்கொடுங்கள்

ஜமுனாமரத்தூரில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். எங்கள் ஜவ்வாது மலையில் சந்தனம் மீண்டும் பெருக வேண்டும் என்கிறார்கள். விதையின் உறக்கத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. புது விதை சுமார் 2 மாதம் அசையாது. பொதுவாக விதைகளில் அப்சிசிக் அமிலம் முளையை அடக்கும், ஜிப்ரெல்லின் எழுப்பும். 1926இல் ஜப்பானின் குரோசாவா, நெற்பயிரை நெடுநெடுவென நீட்டிய பூஞ்சையில் தடம் கண்ட பொருள் அது. 500 பிபிஎம் ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறிய சந்தன விதை சீக்கிரம் முளைக்கிறது.

விதையை எழுப்பும் வழி ஒன்றல்ல: காட்டுச் சிறுவிதைகள் பலவற்றுக்கு வெளிச்சமே விசை. இலைகளை ஊடுருவி வரும் தொலைசிவப்பு ஒளி அவற்றை உறக்கத்தில் வைக்கும். மரம் சாய்ந்து நேர்வெயில் பட்டால் முளைவிடும்.

இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சந்தனக் கன்றை மட்டும் கொடுத்தால் போதாது. சந்தன விதையை ஊறவைத்து எழுப்பும் கைப்பக்குவத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்து வேரை ஒட்டிப் பிழைக்கும் சந்தனத்துக்குத் துணையாக, அதே பையில் துவரையும் ஊன்றச் சொல்லுங்கள்.