1950 ஆணையின் 3-ஆம் பத்தியை நீக்கக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர், சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம், இந்திய அரசு, புது டெல்லி.

பொருள்: தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. அதே தொழில் செய்த இந்துக்களுக்கு அரசு இலவசமாகத் தந்த பங்க் கடை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் ஆதிதிராவிடர், ஆனால் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையில், பட்டியல் சாதித் தகுதிக்கு மதத்தை நிபந்தனையாக்கும் 3-ஆம் பத்தி அவரைத் தடுத்தது. மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையுடன் தொடர்வதற்குச் சான்று வைக்கப்படவில்லை என்று கூறி, 1985-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. அன்று கேட்ட சான்று இன்று அரசின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் எங்கள் சங்கத்தின் வாதம். அந்தப் பத்தியை நீக்க 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக 2008-இல் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே அளித்த அறிக்கையும் தகுதியை மறுக்க வலுவான ஆதாரமில்லை என்றே கண்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைப் பார்த்தவர்களுக்கு இவை எதுவும் புதிதல்ல.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு சாதித் தகுதி எதற்கு என்று கேட்கிறார்கள். எங்கள் விசுவாசம் சாதியை ஏற்பதில்லை; உண்மை. நாசரேத்தூரார் என்பதற்காகவே இளக்காரமாகப் பார்க்கப்பட்ட ஒருவரைத்தான் ஆண்டவர் என்று தொழுகிறோம். பிறந்த சேரியை வைத்து எவரும் எங்களை எடைபோட முடியாது என்ற துணிவை அவரிடம் பெற்றோம். ஆனால் அந்தத் துணிவு எங்கள் உள்ளத்தில் இருக்கிறது, ஊர் மாறவில்லை. சீக்கியமும் பௌத்தமும்கூடச் சாதியைப் போதிக்கவில்லை. ஆயினும் முறையே 1956-இலும் 1990-இலும் அந்த மதங்களின் தலித்துகளுக்குத் தடை விலகியது, அதுவே நியாயம். 2015-இல் கே.பி. மனு வழக்கில், இந்து மதத்துக்குத் திரும்புபவர் உரிய சான்றுகளோடு பழைய தகுதியை மீண்டும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றமே கூறியது. திரும்பி வருபவருக்காகச் சாதி காத்திருக்கிறது என்றால், அவர் கிறிஸ்தவராக இருந்தபோது அது எங்கே போயிருந்தது?

சலுகைக்காக மதம் மாறுவார்கள் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. ஞானஸ்நானம் பெற்றதை மறைக்காமல் சொன்ன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலுகையை இழந்தே வாழ்ந்திருக்கின்றன. ஆதாயம் தேடியவர்கள் செய்யும் காரியமல்ல அது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமிருக்கிறதே என்பாரும் உண்டு. அந்த இடம் தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமையைத் தராது. அடிபட்டு நிற்பவருக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலையும் தராது. இன்று பட்டியலில் உள்ள சகோதரர்களின் பங்கு குறையும் என்ற கவலையை மட்டும் நாங்கள் எளிதாக ஒதுக்கமாட்டோம். அவர்கள் தட்டிலிருந்து எடுத்து எங்களுக்குத் தர வேண்டாம்.

ஆகவே 3-ஆம் பத்தியை முழுமையாக நீக்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்வோரின் எண்ணிக்கைக்கேற்ப ஒதுக்கீட்டின் அளவை உயர்த்த வேண்டும் என்றும், தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் மீது காலக்கெடு வகுத்து முடிவெடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகள்