கோடை விழாவும் கொண்டை ஊசி வளைவும்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் வருஷந்தோறும் மே மாதத்தில் சர்க்கார் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடத்துவது நமது வாசகர்கள் அறிந்ததே. மந்திரிகள் வருகிறார்கள், மாலைகள் விழுகின்றன, வாழ்த்துரையும் நன்றியுரையும் நடைபெறுகின்றன. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று மற்றொன்று வருகிறது. 2021-ம் வருஷத்தில் அதை ஒரு மாதமாகவே நீட்டினார்கள். அப்பொழுதும் கொடியசைத்து ஊர்வலம் விடுவதும், கையை நீட்டி உறுதிமொழி வாசிப்பதும் நடக்கின்றன. இவ்விரண்டாலும் மலைப்பாதையில் போகிறவனுடைய உயிருக்கு என்ன லாபம் என்பதே நாம் இன்று கேட்கும் கேள்வி.

நாம் விழாவுக்கு விரோதிகளல்ல. மலர்க் கண்காட்சிக்குப் புரோகிதன் வேண்டியதில்லை. இன்ன ஜாதியார் இவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டுமென்கிற நிபந்தனையும் அதிலில்லை. சேலத்து நெசவுத் தொழிலாளி பெண்டு பிள்ளைகளுடன் போய்ப் பூவைப் பார்த்து வரலாம். மலையாளிகள் எனப்படும் அம்மலைவாசிகளுக்கும் பலாவும் மிளகும் விற்று நாலு காசு கிடைக்கலாம். ஆனால் போனவன் வீடு திரும்ப வேண்டுமா, இல்லையா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2024-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று 13-வது வளைவருகே கவிழ்ந்தது. ஐந்துக்குக் குறையாத உயிர்கள் போயின. பலர் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடுத்த மாதம் 22-ந் தேதி அதே மலையில் 47-வது கோடை விழா ஆரம்பமாயிற்று. விழாவை நிறுத்தியிருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அந்த விபத்தில் குற்றவாளி யார் என்று தீர்ப்புக் கூறவும் வரவில்லை. குறித்த நாளில் பந்தலும் மேடையும் பூச்சிற்பங்களும் தயார் செய்ய முடிகிற சர்க்காருக்கு, குறித்த நாளில் தடுப்புச் சுவரையும் தயார் செய்ய முடியும் என்பதே நமது வாதம்.

மலையிறங்கும் வண்டி எதனால் பிழைக்கிறதென்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். கீழ் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் கொள்ளும். மேல் கியரில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடேறிக் கடைசியில் பிடிக்காமலே போய்விடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டுமென்பது விதி. இதில் எலுமிச்சம் பழத்துக்கு என்ன வேலை? சக்கரத்தடியில் பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்படும் டிரைவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிரேக்கையும் சுவரையும் பாராமல் உறுதிமொழியை மாத்திரம் வாசித்துவிட்டுக் கலைகிற கூட்டத்தைப் பார்த்து ஏன் சிரிப்பதில்லை? முன்னது பழைய மந்திரம், பின்னது புது மந்திரம். பலன் இரண்டுக்கும் ஒன்றேதான்.

நிற்க, இந்த நோய் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. அமெரிக்கச் சட்டசபைகளில் இன்ன விழாவைக் கௌரவிப்பதென்றும், இன்ன வாரத்தைக் கொண்டாடுவதென்றும் போடுகிற தீர்மானங்களுக்குக் கணக்கில்லை. 1980-களில் அந்நாட்டு மத்திய சட்டசபையில் நிறைவேறிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இம்மாதிரி நாள் குறிக்கும் சட்டங்களாகவே போன காலமுண்டு. கடைசியில் அலுத்துப்போய், 1995-ல் அதன் பிரதிநிதிகள் சபை அப்படிப்பட்ட மசோதாக்களைக் கொண்டுவரவே கூடாதென்று விதி செய்துகொண்டது. நாள் குறிக்காமல் புகழ்கிற வழி அப்பொழுதும் பாக்கியிருந்தபடியால், 2007-ல் அதே சபை தீபாவளியின் பெருமையைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று!

உலகத்துக்கே பெரிய சபையான ஐக்கிய நாடுகள் சபை, 2011 முதல் 2020 வரையுள்ள காலத்தைச் சாலைப் பாதுகாப்புக்குரிய பத்தாண்டு என்று தீர்மானித்தது. இந்தியாவில் 2010-ல் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,34,513 பேர். 2022-ல் மாண்டவர்களோ 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் மாண்டவர்கள் மாத்திரம் 17,884 பேர். முதல் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டாவது பத்தாண்டுக்கும் தீர்மானம் ஆகிவிட்டது.

"தீர்மானத்தால் நஷ்டமென்ன? கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?" என்று சிலர் சொல்லலாம். நஷ்டம் உண்டு. காரியம் நடந்துவிட்டது என்கிற எண்ணத்தை அது ஜனங்களுக்கு உண்டாக்குகிறது. செலவில்லாமல் புகழும், கணக்குச் சொல்லாமல் மாலையும் கிடைக்கும்போது, எந்த அதிகாரி சிரமப்பட்டுச் சுவர் எழுப்புவான்?

அதற்காக எல்லா அறிவிப்பும் வீண் என்று நாம் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்த "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்புக்குட்பட்டு, சர்க்காரே ஏற்றுக்கொண்டது. அதில் பணமிருக்கிறது, நேரமிருக்கிறது, இன்ன ஆஸ்பத்திரி என்றிருக்கிறது. சொன்னவனையே கட்டுப்படுத்துகிற சொல் அது. அதற்குப் பெயர் காரியம்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது சொற்பம். இனிமேல் கோடை விழாவைத் துவக்க வருகிற மந்திரி, பூவைப் பற்றிப் பேசுவதற்கு முன், சென்ற விழா முதல் இந்த விழா வரை எந்தெந்த வளைவில் எத்தனை விபத்து, எத்தனை சாவு, எவ்வளவு நீளம் சுவர் கட்டியாயிற்று, அடிவாரத்தில் எத்தனை வண்டிகளின் பிரேக்கைச் சோதித்து எத்தனையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கணக்குப் படிக்க வேண்டும். பாதுகாப்பைப் பற்றிச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தால், எவ்வளவு தொகை, எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத தீர்மானத்துக்குக் கைதட்ட மாட்டோமென்று ஏற்காட்டாரும் சேலத்தாரும் முடிவு செய்வார்களானால், சர்க்காருக்கும் காரியத்தில் புத்தி போகும் என்பது நமது அபிப்பிராயம்.