விருந்தாளியைக் கேட்க வைக்காதீர்கள்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் திருப்பூரில் புது வீடு கட்டி முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தான். வருகிற விருந்தாளிகளுக்கென்றே ஒரு ரூம், அதற்குள்ளேயே பாத்ரூம். தரையிலிருந்து மேல் வரைக்கும் டைல்ஸ், மழை மாதிரி கொட்டும் ஷவர், கண்ணாடித் தடுப்பு. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டிருந்தான். "ரொம்ப நல்லா இருக்குப்பா. கழட்டுற துணியை எங்கே மாட்டுறது?" என்று எழுதினேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. பிறகு, "மறந்துட்டோம் சார்" என்று வந்தது.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீரபாண்டித் திருவிழா நெருங்குகிறது. நம் பக்கத்து வீடுகள் எல்லாம் உறவுகளால் நிறையப் போகின்றன. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற, அக்னிச்சட்டி எடுக்க, ராட்டினம் பார்க்க என்று வருகிறவர்கள் இரண்டு ராத்திரியாவது தங்குவார்கள். கறிக்கு யாரிடம் சொல்வது, பாய் தலையணை போதுமா என்று இப்போதே பேச்சு ஓடுகிறது. பாத்ரூமைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வள்ளுவரே விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியும் சாப்பாட்டையும் முகமலர்ச்சியையும்தான் அதிகம் சொன்னார். சாப்பிட்ட பிறகு நடப்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

என் அக்கா ஆண்டிபட்டிப் பக்கம் வாக்கப்பட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களில், ஓடைப்பட்டியில் எங்கள் வீடு ஓட்டு வீடு. குளிக்கத் தென்னந்தட்டி மறைப்பு. மற்றதுக்கு ஆண்கள் ஓடைப் பக்கம் போவோம். பெண்கள் விடியும் முன்னே ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள். அக்கா வருசா வருசம் திருவிழாவுக்குக் காலையில் வருவார், சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். "மாடு கறக்க ஆளில்லை தம்பி" என்பார். இலையில் பாதி அப்படியே இருக்கும். தண்ணீர்ச் சொம்பைத் தொடவே மாட்டார். புகுந்த வீட்டு வசதி வந்ததும் பிறந்த வீடு கசக்கிறது என்று நான் மனசுக்குள் பொருமியிருக்கிறேன். ஒரு தடவை அதைச் சொல்லியும் காட்டினேன். அக்கா பதில் பேசவில்லை, பஸ் ஏறிவிட்டார்.

1994இல் பி.எஃப். கடன் போட்டுக் கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்டினேன். நாலு சுவர், ஒரு தகரக் கதவு, அவ்வளவுதான். அந்த வருசம் அக்கா மூன்று ராத்திரி தங்கினார். நான் அசடு மாதிரி, "மாட்டை யார் கறக்குறா?" என்று கேட்டேன். என் மனைவிதான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "மாடாவது கன்னாவது. மதினி இத்தனை வருசமா இங்கே வந்தா வாயைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பதினோரு வருசம் சுகாதாரப் பாடம் நடத்தியவனுக்குத் தெரியாது.

அது தெரிந்த பிறகுதான் வகுப்பறை ஞாபகம் வந்தது. அதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இருந்தது கதவில்லாத ஒரு மறைப்பு மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் நாலைந்து பெண்கள் வாடிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டதும் தூக்கமா?" என்று அதட்டியிருக்கிறேன். காலையிலிருந்து அவர்கள் தண்ணீரே குடிக்கவில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள். இதைப் படித்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

நாங்கள் மட்டும் அப்படி இருந்தோம் என்றில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 100 வீட்டுக்குச் சுமார் 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. பிறகு 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது, ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் தந்தார்கள். அதில் கட்டியதில் விறகும் சாக்கும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அது வேறு பேச்சு. இன்று எங்கள் தெருவில் கழிப்பறை இல்லாத வீடு இல்லை. ஆனாலும் வந்தவர்கள் வாயைக் கட்டுவது நிற்கவில்லை. காரணம்தான் மாறியிருக்கிறது.

புது இடத்தில் ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் என்று வையுங்கள். சுவிட்ச் எது என்று தெரியாது. தாழ்ப்பாள் விழுமா என்று தெரியாது. வாளியில் தண்ணீர் இல்லை, மோட்டார் போட வேண்டும், மோட்டார் சுவிட்ச் மாமனார் படுத்திருக்கும் அறையில். அந்த ஆள் என்ன செய்வார்? விடியட்டும் என்று கிடப்பார். நாமோ "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க, எது வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லியிருப்போம். கேட்கச் சொல்வதுதான் தப்பு. எல்லாவற்றையும் கேட்கலாம், இதைக் கேட்க முடியாது. கூச்சம் உள்ளவர்கள் கேட்கவே மாட்டார்கள். கேட்காமலே கண்ணில் படும்படி வைப்பதுதான் நம் வேலை.

அதனால் விருந்தாளி வருவதற்கு முதல்நாள் நான் ஒன்று செய்கிறேன். ஒரு துண்டையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் புது ஆள் மாதிரி, அந்த பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக் குளித்துவிட்டு வருகிறேன். எது இல்லை என்று அப்போது தெரிந்துவிடும். முதல் தடவை போனபோது துணி மாட்ட ஒரு ஆணி இல்லை, சோப்பு வைத்த இடம் கைக்கு எட்டவில்லை, தாழ்ப்பாளை இழுத்து அழுத்தினால்தான் விழுந்தது. வீட்டு ஆளுக்கு அந்த அழுத்தம் பழகியிருக்கும், வந்தவருக்குத் தெரியாது. என் மனைவி சிரித்தாள், "வாத்தியார் இன்ஸ்பெக்ஷன் போறார்" என்று. போகட்டும்.

நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் போரில் உப்பு அதிகம். சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். நமக்குப் பழகிவிட்டது. வெளியூர்ப் பெண்பிள்ளை தலைக்கு ஊற்றிவிட்டு அழுதுகொண்டு வரும். ஒரு டிரம்மில் குழாயில் வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்து, "தலைக்கு இது" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உப்புக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று கட்டாயம் வேண்டும், பக்கத்தில் கொஞ்சம் பழைய பேப்பர். இதைச் சொல்ல ஆண்கள் வெட்கப்படுகிறோம், எனக்கும் முப்பது வருசம் ஆனது. வருகிற பெண்கள் நாப்கினை எங்கே போடுவார்கள்? கூடை இல்லையென்றால் சிலர் சுருட்டிப் பைக்குள் வைத்து ஊருக்கே கொண்டுபோவார்கள், சிலர் வேறு வழியில்லாமல் பேசினில் போடுவார்கள். குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதை எடுக்க ஒரு மனிதரைக் கூப்பிட்டு, அவர் கையை விடச் சொல்வோம். மலக்குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனாலும் நம் ஊர்களில் இன்னும் யாரை இதற்குக் கூப்பிடுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு கூடை வாங்கி வைத்தால் அந்தப் பாவத்தில் கொஞ்சமாவது குறையும். செப்டிக் டேங்க் நிறைந்திருந்தால் திருவிழாவுக்கு முன்பே லாரியை வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என்னிடம் படித்த ஒருவன், இப்போது நல்ல அரசு வேலையில் இருக்கிறான், தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். மழை பிடித்துக்கொண்டதால் ராத்திரி தங்கச் சொன்னேன். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். படுக்கப் போகும் முன் மெதுவாக, "சார், பின்பக்கம் பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டான். வீட்டுக்குள்ளே இருப்பது அவன் கண்ணெதிரேதான் இருந்தது. ஏன் பின்பக்கம் என்று கேட்டான் என்பது உங்களுக்குப் புரியும். அவன் பிறந்த தெரு அவனுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருந்தது. கற்றுக்கொடுத்தது நம் தெருக்கள். நான் அவன் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் லைட்டைப் போட்டுக் காட்டினேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

டிரைவர் தம்பிகளையும் மறந்துவிடுகிறோம். சொந்தக்காரரைக் கூட்டிவந்த கார் வாசலில் நிற்கும், ஓட்டிவந்தவர் காருக்குள்ளே சாய்ந்து கிடப்பார், காலையில் ஓடைப் பக்கம் போவார். ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று நம் அரசு 2023இல் கட்டட விதியிலேயே சேர்த்தது. வீட்டுக்கு அந்த விதி இல்லை. அவருக்கும் ஒரு துண்டும் சோப்பும் எடுத்துக் கொடுத்து, "உள்ளே போங்க தம்பி" என்று சொல்ல விதி எதற்கு?

மறுபடியும் அக்காவிடம் வருகிறேன். அவருக்கு இப்போது 73 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. போன வருசம் திருவிழாவுக்கு வந்திருந்தார். பழைய தகரக் கதவு போய், இப்போது வீட்டுக்குள்ளேயே பளபளவென்று டைல்ஸ் போட்ட பாத்ரூம். எனக்கு அதில் பெருமைதான். ராத்திரி சாப்பாட்டில் அக்காவின் டம்ளரைப் பார்த்தேன். ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே இருந்தது.

இந்தத் தடவை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரையோடு இருக்கும் பேசினில் அவரால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்க ஒன்றுமில்லை. ஈரமான டைல்ஸ் எண்ணெய் மாதிரி வழுக்கும். மறுநாளே ஆண்டிபட்டிக்குக் கிளம்பிவிட்டார். இப்போது மாடு இல்லை, "மாத்திரை எடுத்துட்டு வரலை" என்றார்.

அதற்குப் பிறகு வேலை பார்த்தேன். வெஸ்டர்ன் கோப்பை வைத்து, அதன் பக்கச் சுவரில் எஸ்.எஸ். கம்பி ஒன்றை செங்கல் வரை துளை போட்டு இறுக்கி வைத்தோம். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழ நினைக்கக் கூடாது, அது மனித எடையைத் தாங்காது, பிடுங்கிக்கொண்டு வரும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொன்னேன். ஆசாரி, "எதுக்கு சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், தூக்க யாரும் போக முடியாது என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசு நுழைத்துத் திருப்பினால் திறக்கிற மாதிரி. எல்லாம் சேர்த்து, திருப்பூர்ப் பையன் ஷவருக்குக் கொடுத்த விலைகூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். அவனிடம் கேட்டால் கோபித்துக்கொள்வான்.

சின்னம்மா மகளிடமிருந்து நேற்று போன். அக்கா கிளம்பத் தயங்குகிறாராம். நான் அக்காவிடமே பேசினேன். சுற்றி வளைக்காமல், "அக்கா, உட்கார்ற மாதிரி மாத்தியாச்சு, பிடிச்சுக்கக் கம்பி வச்சிருக்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாலு நாள் இருக்கலாமா தம்பி?" என்றார்.

வெள்ளிக்கிழமை வருகிறார். பாத்ரூம் வெளிச் சுவிட்ச் மட்டும் போட்டால் மினுக்குகிறது, எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். வந்தால் ராத்திரி எரிய ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பும் போடச் சொல்ல வேண்டும்.